ஒரு பொம்மை குற்றவாளிக் கூண்டில் ஏறிய கதை

1993ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, அக்காலத்தில் பிரித்தானியாவில் மிக அதிகமாக விற்பனையாகிய நாளேடான 'சன்', தனது முதற்பக்கத்தில் ஒரு பொம்மையின் முகத்தைப் பிரசுரித்திருந்தது. செம்பட்டைத் தலைமயிரும் நீலக் கண்களும் குரூரச் சிரிப்பும் கொண்ட முகம் அது. பிள்ளைகள் அனைவரினதும் நலன் கருதி, வீட்டில் உள்ள இத்தகைய வீடியோ நாடாக்களை எரித்துவிடுங்கள் என அப்பத்திரிகை தன் வாசகர்களைக் கேட்டுக்கொண்டது. ஸ்கொட்லாந்தில் வீடியோ வாடகைக் கடைகளை நடத்திவந்த நிறுவனம் ஒன்று தன்னிடமிருந்த பிரதிகளைத் தீயிலிட்டது.

எரிக்கப்பட்ட படத்தின் பெயர் 'சைல்ட்ஸ் பிளே 3'. அதன் தாயகமான அமெரிக்காவில் 1991 ஓகஸ்ட் இறுதியில் வெளியாகி, விமர்சகர்களாற் புறக்கணிக்கப்பட்டு, முந்திய பாகங்களின் வசூலையும் எட்டாது ஒதுங்கிய படம் அது. அதனை எழுதியவரே, தாம் எழுதிய தொடரில் தமக்கு மிகக் குறைந்த நிறைவைத் தந்தது அதுதான் எனப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அத்தகைய மூன்றாந்தரத் தொடர்ச்சிப் படம் ஒன்று, கடல் கடந்து வந்ததும் ஒரு தேசத்தையே உலுக்கிய கொலைக்குக் காரணம் எனக் கூறப்பட்டது. பாராளுமன்றம் அதனைப் பற்றி விவாதித்தது. ஒரு சட்டமும் திருத்தப்பட்டது.

இக்குற்றச்சாட்டுக்குச் சான்று இருந்ததா? இருக்கவில்லை எனின், ஒரு நாடு முழுவதும் அதனை எவ்வாறு நம்பியது? இக்கேள்விகள் பிரித்தானியருக்கு மட்டும் உரியவை அல்ல. பழக்கமற்ற மொழியில் ஓயாது பேசும் தொலைக்காட்சியின் முன்னால் தம் பிள்ளைகள் வளர்வதைக் காணும் புலம்பெயர்ந்த பெற்றோருக்கும் இவை உரியவையே. ஆதலால் அன்று நடந்தவற்றை ஆண்டுவாரியாக இங்கு நோக்குவோம்.

சாகாத கொலைஞர்கள்

ஆங்கிலத்தில் 'ஸ்லாஷர்' என வழங்கப்படும் படவகையை எமது வாசகர் பலர் அறிந்திருப்பர். ஓர் ஒதுக்குப்புறமான இடம். அங்கே சில இளைஞர், யுவதிகள். கையிற் கத்தியுடன் ஒரு கொலைஞன். ஒருவர் பின் ஒருவராக யாவரும் மடிய, பெரும்பாலும் ஒரு பெண் மாத்திரம் எதிர்த்து நின்று உயிர் தப்புவாள். 1960இல் அல்பிரட் ஹிச்கொக் உருவாக்கிய 'சைக்கோ' இவ்வகைக்கு முன்னோடி. 1978இல் ஜோன் கார்ப்பென்ரரின் 'ஹாலோவீன்' மூன்று இலட்சம் டொலருக்குச் சற்றுக் கூடிய செலவில் எடுக்கப்பட்டுப் பல கோடி டொலர்களை ஈட்டியது. அதனைக் கண்ட பட நிறுவனங்கள் அவ்வழியே விரைந்தன. 'பதின்மூன்றாந் திகதி வெள்ளிக்கிழமை' எனப் பொருள்படும் பெயருடன் 1980இல் தொடங்கிய படம் 1989ஆம் ஆண்டுக்குள் எட்டுப் பாகங்களைக் கண்டுவிட்டது.

நட்சத்திர நடிகர்களுக்குப் பெருந்தொகை கொடுக்கவேண்டியதில்லை. கதைக்கும் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. முகமூடியோ உருவமோ ஒருமுறை மக்கள் மனதிற் பதிந்துவிட்டாற் போதும். கொலைஞனை ஒவ்வொரு படத்தின் முடிவிலும் கொன்று, அடுத்த படத்தின் தொடக்கத்தில் எழுப்பிவிடலாம். தொடர்ச்சிப் படங்களின் வியாபார இரகசியம் இதுவே.

'சைல்ட்ஸ் பிளே' தொடரும் இவ்வழியிற் பிறந்ததாயினும் அதன் மூலக்கருத்துச் சற்று வேறானது. கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவராக இருந்த டொன் மன்சீனி, சிறுவர்களைக் குறிவைத்து விளையாட்டுப் பொருட்கள் விற்கப்படும் முறையைக் கண்டு அதனை எள்ளிநகையாட எண்ணினார். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பெற்றோர் சில வகைப் பொம்மைகளுக்காகக் கடைகளில் முண்டியடித்த காலம் அது. 'நல்ல பையன்' என்ற பெயரில் விற்கப்படும் ஒரு பொம்மைக்குள், பொலிஸாரின் குண்டுபட்டு இறக்கும் ஒரு கொலைகாரன் மாந்திரீகத்தினால் தன் ஆவியைப் புகுத்திவிடுகிறான். அதுவே 'சக்கி'. டொம் ஹொலன்ட் இயக்கிய முதற்பாகம் 1988இல் வெளியாகி, அமெரிக்காவில் 3 கோடியே 30 இலட்சம் டொலர் வரையில் ஈட்டியது. 1990இல் வந்த இரண்டாம் பாகம் 2 கோடியே 80 இலட்சம் டொலரைத் தாண்டியது. மூன்றாம் பாகமோ ஏறக்குறைய ஒன்றரைக் கோடியுடன் நின்றுவிட்டது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. இரண்டாம் பாகம் வெளியாகி ஒன்பதே மாதங்களில் மூன்றாவது திரைக்கு வந்தது. இரண்டாவது வெளிவருமுன்னரே மூன்றாவதற்கான கதையை எழுதுமாறு நிறுவனம் மன்சீனியைக் கேட்டிருந்தது. தம்மிடம் அப்போது புதிய எண்ணங்கள் எவையும் எஞ்சியிருக்கவில்லை என அவர் பின்னர் கூறியுள்ளார். ஜாக் பென்டர் இயக்கிய அப்படத்தில் அந்த வரட்சி நன்றாகவே தெரிகிறது.

படத்தில் இருந்தது என்ன?

பழிசுமத்தப்பட்ட படம் என்பதால் அதன் கதையைச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. ஏனெனில், அதனைத் தூற்றியவர்களுள் எத்தனை பேர் அதனைப் பார்த்திருந்தனர் என்பதே ஐயத்துக்குரியது.

முதற்பாகத்தில் ஆறு வயதுச் சிறுவனான அன்டி, சிக்காகோ நகரில் தாயுடன் வாழ்கிறான். கடையொன்றிற் பணிபுரியும் அத்தாய் தன் சக்திக்கு மீறி அவனுக்கு அப்பொம்மையை வாங்கிக் கொடுக்கிறாள். பொம்மையே கொலை செய்கிறது எனச் சிறுவன் கூறும்போது எவரும் நம்புவதில்லை. இரண்டாம் பாகத்தில், மகன் கூறியது மெய்யென்று நின்ற தாய் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட, பிள்ளை வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்படுகிறான். மூன்றாம் பாகத்தில் அவனுக்கு வயது 16. வளர்ப்பு வீடுகள் பலவற்றில் நிலைகொள்ளாது போன அவனை ஓர் இராணுவப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர். பழைய சம்பவங்களை மக்கள் மறந்திருப்பர் எனக் கணக்கிட்டு, பொம்மைத் தொழிற்சாலை தனது உற்பத்தியை மீண்டும் ஆரம்பிக்கிறது. சக்கி உயிர்பெற்று அப்பாடசாலைக்கே வந்துசேர்கிறது. அங்கு பயிலும் ஓர் இளஞ்சிறுவனின் உடலுக்குள் புக முயல்கிறது. சாயக்குண்டுகளைக் கொண்டு மாணவர்கள் நடத்தும் போர்ப்பயிற்சியில், சாயக்குண்டுகளுக்குப் பதிலாக மெய்யான குண்டுகளை இட்டுவிடுகிறது. இறுதியில், களியாட்ட விழா ஒன்றின் பேய்வீட்டுக்குள் அன்டி அச்சிறுவனைக் காப்பாற்ற, பொம்மை சிதைந்து அழிகிறது.

இக்கதையில் குழந்தை எதுவும் கொலை செய்வதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். கொலைஞன் வளர்ந்த ஒரு மனிதன். பொம்மை அவனுடைய வேடம். பிள்ளைகள் அவனுக்கு இரையாக இருக்கின்றனர். அன்றேல் அவனை எதிர்க்கின்றனர். மூன்று பாகங்களையும் ஒருசேர நோக்கின், வீடுவிட்டு வீடு மாற்றப்பட்டு, எவராலும் நம்பப்படாத ஒரு பிள்ளையின் கதையே எஞ்சுகிறது. இதனால் இது நல்ல படமாகிவிடாது. இரத்தமும் கொடூரமும் நிறைந்த, பிள்ளைகள் பார்க்கத் தகாத படமே இது. பிரித்தானியத் திரைப்பட வகைப்படுத்தற் சபையும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் எனச் சான்றிதழ் வழங்கியிருந்தது. அவ்வயதுக்குக் குறைந்த எவருக்கும் அதனை வாடகைக்குக் கொடுப்பது அன்றே சட்டப்படி குற்றமாகும்.

புட்டில் நகரில் நேர்ந்தது

1993 பெப்ரவரி 12ஆந் திகதி. லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள புட்டில் நகரின் கடைத்தொகுதிக்குத் தாயுடன் வந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை ஜேம்ஸ் பல்ஜர், தாயின் கவனம் கணப்பொழுது திரும்பியிருந்த வேளையிற் காணாமற் போனான். இரு சிறுவர்கள் அக்குழந்தையை அழைத்துச் செல்லும் மங்கலான காட்சி கடைத்தொகுதியின் கண்காணிப்புக் கமராவிற் பதிவாகியிருந்தது. இரு தினங்களின் பின் ரயில் பாதை அருகே குழந்தையின் உடல் கண்டெடுக்கப்பட்டது. கொலை புரிந்தவர்கள் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் என அறியவந்தபோது நாடே வாயடைத்து நின்றது. பாடசாலைக்குச் செல்லாது அன்று அவர்கள் தெருக்களில் அலைந்திருந்தனர்.

பிரெஸ்ரன் நகரின் நீதிமன்றத்தில், வளர்ந்தோருக்குரிய முறையிலேயே அச்சிறுவர்கள் விசாரிக்கப்பட்டனர். நவம்பர் 24ஆந் திகதி அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பின் பின்னர் நீதிபதி மோர்லன்ட் கூறிய சில வார்த்தைகளே பெரும் நெருப்புக்குப் பொறியாயின. வன்முறை நிறைந்த வீடியோப் படங்களைக் காண நேர்ந்தமை இதற்கு ஓரளவு விளக்கமாகலாம் எனத் தாம் சந்தேகிப்பதாக அவர் குறிப்பிட்டார். அவர் எப்படத்தின் பெயரையும் கூறவில்லை. வழக்கு விசாரணையில் எந்தப் படமும் சான்றாக முன்வைக்கப்பட்டிருக்கவும் இல்லை.

பெயரைப் பத்திரிகைகளே தேடிக்கொண்டன. சிறுவர்களுள் ஒருவனின் தந்தை, கொலைக்குச் சில வாரங்களுக்கு முன்னர் 'சைல்ட்ஸ் பிளே 3' வீடியோவை வாடகைக்கு எடுத்திருந்தார் என்பது தெரியவந்தது. உடனே ஒப்புமைகள் கண்டுபிடிக்கப்பட்டன. படத்தில் சாயம் வருகிறது. குழந்தையின் மீதும் நீலச் சாயம் தெளிக்கப்பட்டிருந்தது. படத்தின் முடிவு பேய்வீட்டில் நிகழ்கிறது. கொலை ரயில் பாதையில் நிகழ்ந்தது. இத்தனை தளர்ந்த ஒப்புமைகளைக் கொண்டு எந்தப் படத்தையும் எந்தக் குற்றத்துடனும் முடிச்சுப் போட்டுவிடலாம் என்பதை அன்றைய கொதிப்பில் எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

புலனாய்வு செய்தவர்களோ வேறுவிதமாகக் கூறினர். அச்சிறுவன் அக்காலத்திற் பெரும்பாலும் தந்தையுடன் வாழவில்லை. அவன் அப்படத்தைப் பார்த்தான் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. குடும்பத்தினர் வாடகைக்கு எடுத்த ஏறக்குறைய 200 படங்களின் விபரங்களை ஆராய்ந்த மேர்சிசைட் பொலிஸார், இச்செயலைத் தூண்டியிருக்கக்கூடிய காட்சி ஒன்றையும் தாம் காணவில்லை எனத் தெரிவித்தனர். இக்கொலையை ஒரு படத்துடன் தொடர்புபடுத்துவதாயின் 'ரயில்வே சில்ட்ரன்' என்ற சாதுவான சிறுவர் படத்துடனும் தொடர்புபடுத்தலாம் என்று அவ்வதிகாரிகளுள் ஒருவர் சலிப்புடன் கூறினார். இவ்வார்த்தைகள் பத்திரிகைகளில் வெளிவராமல் இல்லை. ஆயினும் முதற்பக்கப் பொம்மையின் முன் அவை எடுபடவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் மன்செஸ்ரரில் மற்றொரு கொலை வழக்கு முடிவடைந்தது. 1992இல் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியைப் பல நாட்கள் அடைத்துவைத்துச் சித்திரவதை செய்து கொன்ற வழக்கு அது. கொடுமைப்படுத்தியவர்கள் சக்கி பேசும் வசனத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டிருந்தனர். இதுவும் 'சைல்ட்ஸ் பிளே 3'இன் விளைவே எனச் செய்திகள் எழுந்தன. உண்மையில் அவ்வசனம் முதற்பாகத்துக்குரியது. அவர்கள் ஒலிக்கவிட்டதோ அவ்வசனத்தைப் புகுத்தித் தயாரிக்கப்பட்ட ஒரு நடன இசைத் துண்டு. இவ்வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை அப்போது எவரிடமும் இருக்கவில்லை. இரு கொலைகள், ஒரு பொம்மை என்ற கணக்கு மட்டும் மக்கள் மனதில் நிலைத்தது.

பாராளுமன்றத்துக்குச் சென்ற பொம்மை

வீடியோ பற்றிய பீதி பிரித்தானியாவுக்குப் புதியதன்று. 1980களின் தொடக்கத்தில் வீடியோக் கருவிகள் வீடுகளுக்குள் நுழைந்தபோது, திரைப்படங்களுக்கு இருந்த தணிக்கை வீடியோ நாடாக்களுக்கு இருக்கவில்லை. 'வீடியோ அசிங்கங்கள்' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டப்பட்டு, அரசாங்க வழக்குத்தொடுநரின் பட்டியலில் 72 படங்கள் இடம்பெற்றன. அதன் விளைவாக 1984ஆம் ஆண்டின் வீடியோப் பதிவுச் சட்டம் பிறந்தது. கடைகளில் விற்கப்படும், வாடகைக்குவிடப்படும் படங்கள் யாவும் வகைப்படுத்தற் சபையின் சான்றிதழைப் பெறவேண்டும் என்றாயிற்று. எமது கடைகளிலிருந்து வீடுகளுக்குச் சென்ற தமிழ்ப் படங்களுக்கும் அதே சட்டமே பொருந்தும்.

புட்டில் கொலைக்குப் பின் இச்சட்டம் போதாது என்ற குரல் எழுந்தது. லிவர்பூல் தொகுதி ஒன்றின் உறுப்பினரான டேவிட் அல்ரன், வீடுகளில் வன்முறைப் படங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தார். 1994 ஏப்ரலில், நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் சிறுவர் உளவியல் பேராசிரியை எலிசபெத் நியூசன் ஓர் அறிக்கையை வெளியிட்டார். உளவியலாளரும் குழந்தை மருத்துவரும் அடங்கிய இருபத்தைந்து பேர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். வன்முறைக் காட்சிகளுக்கும் பிள்ளைகளின் செயல்களுக்கும் இடையிலான தொடர்பைத் தமது துறையினர் இதுவரை குறைத்து மதிப்பிட்டுவிட்டனர் என்பதே அதன் சாரம். இவ்வறிக்கை நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அது புதிய ஆய்வு எதனையும் கொண்டிருக்கவில்லை என்பதையும், புட்டில் கொலையில் வீடியோவுக்குப் பங்குண்டு என்ற ஊகத்திலிருந்து அது தொடங்கியது என்பதையும் மார்ட்டின் பார்க்கர் போன்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

உள்துறை அமைச்சராக இருந்த மைக்கல் ஹவார்ட் இறுதியில் ஓர் இணக்கத்துக்கு வந்தார். 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் மூலம் வீடியோச் சட்டம் திருத்தப்பட்டது. குற்றச்செயல், போதைப்பொருள், வன்முறை, கோரச் சம்பவங்கள், பாலுறவு ஆகிய ஐந்தையும் ஒரு படம் கையாளும் முறையால், பார்ப்பவருக்கோ அவர் மூலம் சமூகத்துக்கோ விளையக்கூடிய தீங்கை வகைப்படுத்தற் சபை விசேடமாகக் கருத்திற்கொள்ள வேண்டும் என விதிக்கப்பட்டது. தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன. திரையரங்குகளில் ஓடி முடிந்திருந்த 'ரிசர்வோயர் டோக்ஸ்' என்ற படம் 1995 வரை வீடியோச் சான்றிதழுக்காகக் காத்திருந்தது. 1973இல் வெளியான 'எக்ஸோசிஸ்ற்' 1999இலேயே அச்சான்றிதழைப் பெற்றது. இத்தனைக்கும் மூலகாரணம் எனக் கூறப்பட்ட 'சைல்ட்ஸ் பிளே 3' ஒருபோதும் சட்டப்படி தடைசெய்யப்படவில்லை என்பதே விந்தை.

இன்னுமொரு விந்தையும் உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க அரசாங்கம் தவறியிருந்தது. அதனால் அச்சட்டத்தைக் கொண்டு எவரையும் தண்டிக்க இயலாது என்பது 25 ஆண்டுகள் கழித்து, 2009இல்தான் கண்டறியப்பட்டது. 2010 ஜனவரியில் அதே சட்டத்தை மீண்டும் அவசரமாக நிறைவேற்றவேண்டியதாயிற்று. படங்களைப் பற்றி இடிமுழக்கம் செய்தவர்கள் எவரும், தாம் இயற்றிய சட்டம் செல்லுமா என்பதைப் பார்த்திருக்கவில்லை.

ஆய்வுகள் கூறியவை

பீதி தணிந்த பின்னர் சிலர் பொறுமையாக ஆராய்ந்தனர். ஆன் ஹேகல், ரிம் நியூபேர்ன் என்போர் 1994இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் முக்கியமானது. அடிக்கடி குற்றம் புரிந்த இளையோர் 78 பேரையும், பாடசாலை மாணவர் 538 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரு சாராரும் பார்த்தவற்றிலும் விரும்பியவற்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குற்றம் புரிந்தோரின் வாழ்க்கையிற் காணப்பட்ட பெரும் வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. சிதைந்த குடும்பங்கள், வறுமை, நிலையற்ற இருப்பிடம் என்பனவே அவர்களிடம் மேலோங்கி நின்றன.

உள்துறை அமைச்சுக்காகக் கெவின் பிரவுணும் அமன்டா பெனலும் செய்து 1998இல் வெளியான ஆய்வு சற்று வேறுபட்டது. வன்முறைக் குற்றம் புரிந்த இளையோர் வன்முறைப் படங்களில் அதிக நாட்டம் கொண்டிருந்ததை அது கண்டது. ஆனால் வன்முறை நிறைந்த வீட்டில் வளர்வதே அந்நாட்டத்துக்கும் குற்றத்துக்கும் பின்னணியாக இருப்பதையும் அது எடுத்துக்காட்டியது. அடி விழும் வீட்டில் வளரும் பிள்ளை அடிதடிப் படத்தை ஒரு கண்ணால் பார்க்கிறது. அன்பான வீட்டில் வளரும் பிள்ளை மற்றொரு கண்ணால் பார்க்கிறது. திரை இரண்டுக்கும் ஒன்றேயாயினும் உள்ளே சென்று சேர்வது ஒன்றன்று.

இதிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு, படங்கள் எவ்விதத் தீங்கும் செய்யா என்பதன்று. ஒரு குறித்த குற்றத்துக்கு ஒரு குறித்த படமே காரணம் எனக் கூறுவதற்குச் சான்று வேண்டும் என்பதே முடிவு. 1993இல் அச்சான்று இருக்கவில்லை. இன்றுவரை அது கிடைக்கவும் இல்லை.

பழி பொம்மையின் மீது விழுந்தபோது வேறு பல கேள்விகள் ஓரங்கட்டப்பட்டன. பாடசாலைக்குச் செல்லாத பிள்ளைகளை எவர் தேடினர்? அழுதுகொண்டு சென்ற குழந்தையை வழிநெடுகக் கண்டோர் பலர் இருந்தும் ஏன் தடுக்க முடியாது போயிற்று? பதினொரு வயதுப் பிள்ளைகளை, அவர்கள் அறிந்துகொள்ள இயலாத முறையில், பெரியோரின் நீதிமன்றில் நிறுத்தியது நியாயமா? இறுதிக் கேள்விக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999 டிசம்பரில் பதிலளித்தது. அவர்களுக்கு நியாயமான விசாரணை கிட்டவில்லை என்பதே அத்தீர்ப்பு. ஆயினும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றப்பொறுப்புக்குரிய வயது இன்றும் பத்தாகவே உள்ளது. வீடியோச் சட்டத்தைத் திருத்த ஓராண்டு போதுமாயிருந்தது. இதனைத் திருத்த முப்பது ஆண்டுகளும் போதவில்லை.

எமது வீடுகளில்

இக்கதையில் எமக்கு இரு பாடங்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் இரண்டும் வேண்டியவையே.

முதலாவது, வீட்டுக்குள் வருவது எதுவென்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல். இரவு பகலாக இரு வேலைகள் செய்யும் தந்தைக்கும், ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ தயக்கத்துடன் பேசும் தாய்க்கும், பிள்ளை என்ன பார்க்கிறது என்பது பல வேளைகளில் விளங்குவதில்லை. பொம்மை ஒன்று சிரிப்பதைக் கண்டு, இது சிறுவர் படம் எனப் பெற்றோர் எண்ணிக்கொள்வது இயல்பு. 'சிறுபிள்ளை விளையாட்டு' எனப் பொருள்படும் படப் பெயரும் அவ்வெண்ணத்துக்குத் துணைபோகும். அன்று வீடியோ நாடாவின் உறையிலாவது சிவப்பு வட்டத்துள் 18 என்ற இலக்கம் இருந்தது. இன்று பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசிக்கு உறையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அத்துடன், எமது பிள்ளைகளுள் சிலர் கத்தியையும் இரத்தத்தையும் திரையில் மட்டும் கண்டவர்கள் அல்லர். குண்டுவீச்சையும் பதுங்குகுழியையும் கண்டு வந்த ஒரு பிள்ளைக்கு இத்தகைய காட்சிகள் வேடிக்கையாக இருக்கமாட்டா. அப்பிள்ளை இரவில் விழித்தெழுந்து அழுவதற்குக் காரணம் கேட்கும் பெற்றோர், பகலில் அது என்ன பார்த்தது என்பதையும் கேட்கவேண்டும். தடைசெய்வதை விட அருகில் அமர்ந்து பார்ப்பதும், பார்த்ததைப் பற்றித் தமிழிற் பேசுவதும் அதிக பயன் தரும்.

இரண்டாவது, பழிசுமத்த விரையாதிருத்தல். பெருந்துயர் ஒன்று நேரும்போது மக்களுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. அக்காரணம் அந்நியமானதாகவும், தம்மைச் சாராததாகவும், எரித்துவிடக்கூடியதாகவும் இருந்தால் மனம் ஆறுதலடைகிறது. 1993இல் அவ்விடத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பிளாஸ்ரிக் பொம்மை ஒன்று வாய்த்தது. வேறு வேளைகளில் அவ்விடத்தில் மனிதர்கள் நிறுத்தப்படுவதை அகதிகளாகிய நாம் நன்கறிவோம். தெருவில் ஒரு குற்றம் நடந்து, அதனைச் செய்தவர் எவரென்று அறியுமுன்னரே விரல்கள் எத்திசையில் நீளும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆதலால், சான்று எங்கே என்று கேட்கும் பழக்கம் மற்றெவரையும் விட எமக்கு அவசியமானது. பழி எம்மீது விழும்போது மட்டுமன்றி, எமக்குப் பிடிக்காத ஒன்றின் மீது விழும்போதும் அக்கேள்வியை நாம் கேட்கவேண்டும்.

பொம்மையோ எரிந்துபோகவில்லை. 1998இல் வெளியான நான்காம் பாகத்தில் மன்சீனி அதனை நகைச்சுவைப் பாத்திரமாக்கினார். மூன்றாம் பாகத்தைக் கைவிட்ட இரசிகர்கள் அதனை விரும்பிப் பார்த்தனர். 2021 முதல் 2024 வரை தொலைக்காட்சித் தொடராகவும் அது வலம்வந்தது. இன்றைய இளைஞருக்குச் சக்கி ஒரு வேடிக்கை உருவம். புட்டிலில் மகனை இழந்த குடும்பத்தினருக்கு மட்டும் எதுவும் வேடிக்கையாகவில்லை. தமது பிள்ளைக்கு ஏன் இவ்வாறு நேர்ந்தது என்ற அவர்களது கேள்விக்கு, அன்று எரிந்த வீடியோ நாடாக்களின் சாம்பலில் விடை இருக்கவில்லை.